பாங்காக்கில் 4 நாள்: நீலக் கல்லில் ஏமாற இருந்தோம்!

“இன்று அரண்மனை மூடியிருக்கிறது. மத்தியானம் ஒன்றரை மணிக்குத்தான் திறப்பார்கள்.”

பாங்காக் நகரில், அரண்மனை மதில் ஓரம், ஒரு பெரிய மனிதர் எங்களிடம் இப்படிச் சொன்னார். வெள்ளைச் சட்டை. கழுத்தில் அடையாள அட்டை. முகத்தில் புன்சிரிப்பு. கை கூப்பி வணக்கம் வேறு சொன்னார்.

அவரை நம்பினோம். அதனால் 60 ஆயிரம் ரூபாய் பறிபோக இருந்தது.

தப்பியது எப்படி? கல்லூரியில் படித்த நான் காப்பாற்றவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என் தாயார் காப்பாற்றினார்!

அந்தக் கதையைச் சொல்கிறேன். பாங்காக்கில் எதைப் பார்க்கலாம், எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பதையும் கூடவே சொல்கிறேன்.

மாப்பிள்ளை மோதிரம்

போனது மூன்று பேர். நான், என் மனைவி, என் தாயார்.

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரம் போடவேண்டும். “பாங்காக்கில் கல் மலிவு. அங்கே வாங்கு” என்று உறவுக்காரர் ஒருவர் ஆசை காட்டினார். அம்மா தபால் ஆபீசில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இருந்தது. அதில் 60 ஆயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு இதுதான் முதல் விமானப் பிரயாணம். மாயவரத்தை விட்டு அதிகம் வெளியே போகாதவர். “ஆகாயத்தில் போகும்போது பயமாக இருக்காதா?” என்று ஊரில் கேட்டார்கள். “காவிரியில் வெள்ளம் வரும்போது பரிசலில் போனவள் நான்” என்றார்.

சென்னையிலிருந்து பாங்காக் மூன்றரை மணி நேரப் பிரயாணம்தான். இரவு ஏறினால் விடியற்காலையில் இறங்கிவிடலாம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இறங்கியதும் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளவேண்டும்.

இந்தியர்கள் விசா இல்லாமல் வரலாம் என்ற சலுகையைத் தாய்லாந்து அரசு 2023 நவம்பரில் நடைமுறைப்படுத்தியது. இந்த விதிகள் அடிக்கடி மாறும். டிக்கெட் எடுக்குமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. 2025 மே மாதத்திலிருந்து, போகுமுன்பே இணையத்தில் ஒரு வருகைப் படிவம் நிரப்பவேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் வந்தால் அது போலி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

விமான நிலையத்தின் பெயர் என்ன தெரியுமா? சுவர்ணபூமி! நாம் சொல்லும் அதே பெயர்தான். அங்கிருந்து ஊருக்குள் ரயில் இருக்கிறது. அரை மணி நேரத்தில் கொண்டுவந்து விடும். கட்டணம் 45 பாட்.

பாட் என்பது அந்த நாட்டுப் பணம். நாங்கள் போனபோது ஒரு பாட்டுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் ரூபாய். அம்மா அதை மனத்தில் வாங்கிக்கொண்டார். அப்புறம் நான்கு நாளும் எங்களுக்குக் கணக்குப் பிள்ளை அவர்தான்.

உலகிலேயே நீளமான பெயர்

‘பாங்காக்’ என்று சொல்வது வெளியூர்க்காரர்கள்தான். உள்ளூர்க்காரர்கள் ‘குருங் தேப்’ என்கிறார்கள். தேவர்களின் நகரம் என்று பொருள். அதுவும் சுருக்கம்தான். முழுப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 168 எழுத்து வரும். உலகத்தில் இவ்வளவு நீளமான பெயர் வேறு எந்த ஊருக்கும் இல்லை. அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டால் மகாநகரம், அமரர், ரத்தினம், மகேந்திரன், அயோத்தி என்று நமக்குத் தெரிந்த சொற்களாகவே காதில் விழும்!

பழைய தலைநகரின் பெயர் அயுத்தயா. நம் அயோத்திதான். 1767-ல் பர்மியப் படை அதை அழித்தது. பிறகு 1782-ல் முதலாம் ராமர் என்ற மன்னர் பாங்காக்கைத் தலைநகர் ஆக்கினார். அவர் வம்சத்து மன்னர்கள் எல்லோருக்கும் ராமர் என்றே பட்டம். இப்போது ஆள்பவர் பத்தாம் ராமர்.

சாவ் பிரயா என்ற பெரிய ஆறு ஊருக்குள் ஓடுகிறது. அதில் பஸ்ஸைப்போலப் படகு ஓடுகிறது. ஏற இறங்கத் துறைகள் இருக்கின்றன. சீட்டு கொடுக்கும் பெண், தகர டப்பாவைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு வருகிறாள். ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறினோம். சொற்பக் காசுதான். ஆற்றுக் காற்றில் அம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

‘தா சாங்’ துறையில் இறங்கி, அரண்மனை மதிலை ஒட்டி நடந்தோம். அங்கேதான் அந்தப் பெரிய மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

20 பாட்டுக்கு மூன்று கோயில்

“இன்று புத்தருக்கு விசேஷ நாள். காலையில் பிக்குகள் மட்டும்தான் உள்ளே போகலாம். நீங்கள் இந்தியாவா? நல்லது, நல்லது. அதுவரை வீணாக ஏன் நிற்கிறீர்கள்? மூன்று கோயில் பார்த்துவிட்டு வாருங்கள். 20 பாட் கொடுத்தால் போதும்” என்றார்.

கையிலிருந்த வரைபடத்தில் பேனாவால் மூன்று வட்டம் போட்டுக் கொடுத்தார். நாலாவதாக ஒரு வட்டம். “இது நகைக் கடை. இன்று ஒரு நாள் மட்டும் வரி கிடையாது. பார்த்தால் பாருங்கள், கட்டாயம் இல்லை” என்றார்.

கை தட்டினார். ஒரு ‘துக் துக்’ வந்து நின்றது. நம் ஊர் ஆட்டோவின் அண்ணன் அது. அது போடும் சத்தமே அதற்குப் பெயராகிவிட்டது.

மூன்று பேருக்கும் 20 பாட்! ஐம்பத்தைந்து ரூபாய்! நான் மகிழ்ந்துபோனேன். அம்மா மட்டும், “இவ்வளவு தூரத்துக்கு இந்தக் காசில் பெட்ரோல் வருமா?” என்று கேட்டார்.

நான் சிரித்தேன்.

முதலில் ஒரு சின்னக் கோயில். உள்ளே கூட்டமே இல்லை. ஒரே ஒரு மனிதர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். பேச்சுக் கொடுத்தார். தன் கல்யாணச் செலவுக்கு வழி செய்தது ஒரு நீலக் கல்தான் என்றார். இங்கே வாங்கி வெளிநாட்டில் விற்றாராம். இரண்டு மடங்கு லாபமாம். “இன்றுதான் கடைசி நாள்” என்றும் சொன்னார். நாங்கள் கேட்கவே இல்லை, அவராகவே சொன்னார்!

அரண்மனை வாசலில் ஒருவர், கோயிலில் ஒருவர். சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் ஒரே கடையைச் சொன்னால் உண்மையாகத்தானே இருக்கும்? அப்படித்தான் நான் நினைத்தேன். அவர்கள் சம்பந்தமே இல்லாதவர்கள் அல்ல என்பது எனக்கு எப்படித் தெரியும்?

தலைமாட்டில் நீலம்

கடை பளபளவென்று இருந்தது. குளிர்பானம் வந்தது. அம்மாவுக்கு மெத்தை நாற்காலி போட்டார்கள். கறுப்பு வெல்வெட்டுத் துணியில் ஒரு மோதிரத்தை வைத்தார்கள். நடுவில் நீலக் கல். வெளிச்சத்தில் மயில் கழுத்துபோல மின்னியது!

விலை 22 ஆயிரம் பாட். அம்மா உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். அறுபதாயிரத்துச் சொச்சம் ரூபாய். அவருடைய பையில் இருந்ததும் ஏறக்குறைய அதுதான்.

“உங்கள் ஊரில் இதன் விலை இரண்டு மடங்கு. மாப்பிள்ளைக்கு வேண்டாம் என்றால் விற்றுவிடுங்கள். லாபம்தான்” என்றார் கடைக்காரர். நான் ஆங்கிலத்தில் பேசி, 20 ஆயிரத்துக்குக் குறைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. என் மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். அதையும் நான் கவனிக்கவில்லை.

பணத்தை எடுக்கச் சொல்லி அம்மா பக்கம் திரும்பினேன்.

அம்மா பையைத் தொடவில்லை. “கல்லைக் கொடுக்கச் சொல்லு. மூணு நாள் தலைமாட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“என்னம்மா இது?”

“நீலம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாதுடா. மூணு நாள் தலைமாட்டில் வைத்துப் படுக்கவேண்டும். கெட்ட சொப்பனம் வராமல் இருந்தால்தான் வாங்குவார்கள். உன் தாத்தா அப்படித்தான் செய்தார். நம் ஊர் ஆசாரி கொடுத்தாரே! இவர் கொடுக்கமாட்டாரா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஆங்கிலத்தில் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். “நாளைக்கு இந்த விலை கிடையாது. இன்று மட்டும்தான்” என்றார்.

“சரி, வேண்டாம். எழுதிக் கொடுக்கச் சொல்லு. எங்கள் ஊரில் ஆசாரியிடம் காட்டி, கல் சரியில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதட்டும்” என்றார் அம்மா.

அதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது! குளிர்பானம் கொடுத்த பெண் தம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மோதிரம் பெட்டிக்குள் போயிற்று. இன்னொருவர் வந்து, கொஞ்சம் உரத்த குரலில், “வாங்கப் போகிறீர்களா, இல்லையா?” என்று கேட்டார்.

“எழுந்திருங்கள், போகலாம்” என்றாள் என் மனைவி. நல்ல வேளை, கதவு திறந்துதான் இருந்தது.

வெளியே வந்தால், துக் துக் வண்டியைக் காணோம்! கடைக்கு ஆளைக் கொண்டுபோனால் வண்டிக்காரருக்குப் பெட்ரோல் சீட்டு கிடைக்கும். வாங்காத ஆளைத் திரும்பக் கொண்டுபோக அவருக்கு என்ன தலையெழுத்தா? 20 பாட்டின் ரகசியம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மா பெட்ரோல் கணக்குக் கேட்டது ஞாபகம் வந்தது.

அங்கே சாப்பிட இடம் தேடினோம். பிறகு டாக்ஸி பிடித்தோம். மீட்டர் போட்ட டாக்ஸிதான். 35 பாட்டில் ஆரம்பிக்கிறது. மீட்டர் போடமாட்டேன் என்பவர் வண்டியில் ஏறாதீர்கள். பாங்காக் நெரிசல் சாமானியம் அல்ல. அரண்மனைக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். மூன்றரையோடு சீட்டு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

வாசலில் நின்ற காவலரைக் கேட்டேன். “காலையில் மூடியிருந்தீர்களாமே?”

“இல்லையே! எட்டரை மணியிலிருந்து திறந்துதான் இருக்கிறது” என்றார். அந்நியரை நம்பாதீர்கள் என்று அங்கே பலகையே வைத்திருந்தார்கள். காலையில் நாங்கள் அதுவரை போகவே இல்லை!

இந்த மோசடி பல ஆண்டுகளாக நடக்கிறது. எத்தனையோ நாட்டுக்காரர்கள் ஏமாந்திருக்கிறார்கள். விற்பது பெரும்பாலும் வெறும் கண்ணாடி அல்ல, மட்டமான கல். விலைதான் பல மடங்கு. தாய்லாந்தில் நல்ல கல்லே இல்லை என்று நினைக்கவேண்டாம். சந்தபுரி என்ற ஊரின் கல் வியாபாரம் உலகப் பெயர் பெற்றது. கல்லைச் சூடாக்கி நிறம் கூட்டுவதில் அந்த நாட்டுக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். அதனால்தான், கல்லைப்பற்றித் தெரியாத நம்மைப் போன்றவர்கள் அங்கே போய்க் கல் வாங்கக்கூடாது. யாராவது இப்படி மாட்டிக்கொண்டால், சுற்றுலாப் போலீசின் தொலைபேசி எண் 1155.

சிலோம் மாரியம்மன்

அரண்மனைக்குப் பக்கத்திலேயே ‘வாட் போ’ என்ற கோயில் இருக்கிறது. மாலை வரை திறந்திருக்கும். அங்கே போனோம். படுத்திருக்கும் புத்தர்! நீளம் 46 மீட்டர். உயரம் 15 மீட்டர். மேலெல்லாம் தங்கத் தகடு. பாதத்தில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். சுவர் ஓரமாக 108 வெண்கலக் கிண்ணம். 20 பாட் கொடுத்தால் சில்லறை தருகிறார்கள். ஒவ்வொரு கிண்ணமாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். ‘டிங், டிங்’ என்ற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கிறது. அம்மா ஒரு கிண்ணத்தையும் விடவில்லை.

“இன்று வெள்ளிக்கிழமை. ஒரு அம்மன் கோயிலுக்குப் போனால் தேவலை” என்றார் அம்மா.

பாங்காக்கில் அம்மன் கோயிலா? உண்டு! சிலோம் என்ற பெரிய கடை வீதியில், மகா மாரியம்மன் கோயில். 1870-களில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. தமிழ்நாட்டுக் கோபுரம், அதே பொம்மைகள், அதே விபூதி வாசனை. ஆனால் உள்ளே போனால் கும்பிடுகிறவர்களில் நிறையப் பேர் தாய்லாந்துக்காரர்கள்! தாமரையும் சாமந்தியும் தேங்காயும் தட்டில் ஏந்தி வரிசையில் நிற்கிறார்கள். விஜயதசமி இரவில் சிலோம் வீதியில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு அம்மன் ஊர்வலம் நடத்துகிறார்கள்.

அம்மா வெகு நேரம் நின்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்டேன். “பணம் தப்பியதே, அதற்கு நன்றி சொன்னேன்” என்றார்.

அனுமாருக்குக் கல்யாணம்!

மறுநாள் சனிக்கிழமை. எட்டரை மணிக்கே அரண்மனை வாசலில் நின்றோம். வழியில் எவர் பேசினாலும் அம்மா கையை ஆட்டிவிட்டு நடந்தார்.

நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு 500 பாட். மூன்று பேருக்கு நாலாயிரம் ரூபாய்க்கு மேல். கொஞ்சம் மலைப்புதான். ஆனால் உள்ளே போனதும் அது மறந்துவிட்டது. தோள் தெரியும் சட்டை, அரைக்கால் சட்டை போட்டவர்களை உள்ளே விடுவதில்லை. புடவை கட்டியவர்களை யார் தடுப்பார்கள்?

அரண்மனைக்குள்ளேயே மரகதப் புத்தர் கோயில். பெயர்தான் மரகதம், உண்மையில் வேறு ஒருவகைப் பச்சைக் கல். உயரம் 66 சென்டிமீட்டர்தான். ஆனால் நாட்டுக்கே காவல் தெய்வம் அவர். கோடை, மழை, குளிர் என்று மூன்று காலத்துக்கும் மூன்று தங்க உடை உண்டு. அந்த உடையை மாற்றும் உரிமை மன்னருக்கே.

கோயிலைச் சுற்றி நீண்ட தாழ்வாரம். அதன் சுவர் முழுக்க ராமாயணம்! 178 சித்திரம். தாய்லாந்துக்காரர்கள் ‘ராமகியன்’ என்கிறார்கள். ராமர் அங்கே ‘பிரா ராம்’. ராவணன் ‘தோத்சகன்’. தசகண்டன் என்ற பெயர்தான் அப்படி மாறிவிட்டது.

அம்மாவுக்கு வழிகாட்டி தேவைப்படவில்லை. “இதோ வாலி சுக்ரீவன் சண்டை. இதோ கும்பகர்ணன்” என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே போனார். நடு நடுவேதான் கதை மாறியது. சீதை அங்கே ராவணனின் மகள்! அனுமார் பிரம்மசாரி அல்ல! கடலில் பாலம் கட்டும்போது, ராவணனின் மகளான தங்க மீன் கன்னியை மணக்கிறார். ஒரு பிள்ளையும் உண்டு.

“ஆஞ்சநேயருக்குக் கல்யாணமா!” என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டம். அவர்களுக்கு அந்தக் கதைதான் தெரியும். அனுமார் பிரம்மசாரி என்று சொன்னால் அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்களோ, என்னவோ!

ஆற்றைக் கடந்தால் ‘வாட் அருண்’. அருணன் பெயரில் உள்ள கோயில். உயர்ந்த கோபுரம் முழுதும் சீனப் பீங்கான் துண்டுகள் பதித்திருக்கிறார்கள். வெயிலில் பூப்போட்ட புடவை மாதிரி இருக்கிறது. படி செங்குத்து. அம்மா கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

கீழே விழுந்த தங்கம்

அன்று பிற்பகல் சீனர் வட்டாரத்துக்குப் போனோம். அங்கே ‘வாட் திரைமித்’ என்ற கோயில். திரிமித்திரர், அதாவது மூன்று நண்பர்கள் கோயில்.

அங்கே ஒரு புத்தர் சிலை. பல ஆண்டுகள் அதைச் சுண்ணாம்புச் சிலை என்று நினைத்துத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். 1955-ல் புதுக் கட்டடத்துக்கு மாற்றத் தூக்கினார்கள். சிலை நழுவி விழுந்தது! பூச்சு உடைந்தது. உள்ளே பளிச்சென்று மஞ்சள். அத்தனையும் தங்கம்! எடை ஐந்தரை டன்! பகைவர் கண்ணில் படாமலிருக்க எந்தக் காலத்திலோ எவரோ பூசி மறைத்திருக்கிறார்கள்.

பக்கத்துத் தெரு யவோராத். வரிசையாகத் தங்கக் கடைகள். சிவப்பு வண்ணம் அடித்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். அங்கே தங்கத்தின் எடைக்கும் பாட் என்றே பெயர். ஒரு பாட் நகை 15.16 கிராம். நம் கணக்கில் இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. சுத்தம் 96.5 சதவீதம். நம் 22 காரட் தங்கத்தைவிட அதிகம். அன்றன்றைய விலையைத் தங்க வியாபாரிகள் சங்கம் அறிவிக்கிறது. எல்லாக் கடையிலும் அதே விலைதான், கூலியில்தான் வித்தியாசம்.

என் மனைவிக்கு ஒரு சங்கிலிமேல் கண். அம்மாவும் மோதிரம் பார்த்தார். இந்தத் தடவை நான்தான் தடுத்தேன். ஓர் ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புகிறவர்களுக்குத்தான் நகைக்குச் சுங்கச் சலுகை. நான்கு நாள் போய்விட்டு நகை வாங்கி வந்தால் தீர்வை கட்டவேண்டும். அப்புறம் லாபம் எங்கே?

அதே வட்டாரத்தில் சாம்பெங் சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டும். அதற்குள்ளே தள்ளுவண்டியும் வருகிறது! பொத்தான், ரிப்பன், பாசிமணி, கொண்டை ஊசி, பொம்மை எல்லாம் டஜன் கணக்கு. ஒன்று வாங்கினால் ஒரு விலை. மூன்று வாங்கினால் வேறு விலை. கல்யாணத்துக்கு வரும் பெண்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க, ஐந்து டஜன் சின்னச் சுருக்குப் பை வாங்கினார் அம்மா. சந்தின் மறுகோடியில் பாஹுரத். அங்கே சீக்கியர்களின் துணிக் கடைகள். இந்தியில் பேரம் பேசலாம்.

சாப்பாட்டைப்பற்றி ஒரு வார்த்தை. அம்மா சைவம். அங்கே காய்கறிக் குழம்பிலும் மீன் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கும் சாறு அது. ‘ஜே’ என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். சீன பவுத்தர்களின் சுத்த சைவம் அது. வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து எழுதிய கடையைப் பார்த்து நுழையலாம். மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும் தருகிறார்கள். அம்மா இரண்டு தட்டு சாப்பிட்டார்.

மார்கழிப் பாட்டு

ஞாயிறு காலை. நகரத்தின் நடுவே இரண்டு சிவப்புத் தூண். உயரம் 21 மீட்டர். மேலே ஒரு குறுக்குக் கட்டை. இதுதான் ராட்சத ஊஞ்சல்!

முன்பெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை இங்கே ஊஞ்சல் திருவிழா நடந்தது. பூமிக்கு வரும் சிவபெருமானை வரவேற்கும் விழா. ஆட்கள் வானத்தை எட்ட ஆடுவார்கள். எதிரே மூங்கிலில் காசுப் பை கட்டியிருக்கும். அதைப் பல்லால் கவ்வவேண்டும்! ஆபத்தான ஆட்டம். 1935-ல் நிறுத்திவிட்டார்கள்.

ஊஞ்சல் நின்றது. பூசை நிற்கவில்லை. அருகிலேயே ‘தேவஸ்தான்’ என்ற கோயில் இருக்கிறது. சிவன், விநாயகர், விஷ்ணு மூவருக்கும் தனித்தனிச் சந்நிதி. அரண்மனைப் புரோகிதர்களின் கோயில் அது. வெள்ளை உடை, குடுமி. அவர்களுடைய முன்னோர்கள் தென் தாய்லாந்து வழியாக வந்தவர்கள். முடிசூட்டு விழா முதல் ஏர்மங்கலம் வரை இவர்கள் இல்லாமல் நடக்காது.

ஆண்டுதோறும் மார்கழி, தை ஒட்டி இவர்கள் நடத்தும் பூசையின் பெயரைக் கேளுங்கள்: ‘திரியம்பவாய் - திரிபவாய்’! திருவெம்பாவையும் திருப்பாவையும்தான்! மாணிக்கவாசகர் பாட்டைக் கிரந்த எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்ததால் உச்சரிப்பு மாறிவிட்டது. பொருள் தெரியாமல் மந்திரமாகவே ஓதுகிறார்கள். தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் இதைப்பற்றி எழுதியிருக்கிறார்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. “நம்ம மார்கழிப் பாட்டா? இங்கேயா?” என்று மூன்று தடவை கேட்டார்.

வெள்ளை உடுத்திய ஒரு பெரியவர் அங்கே நடந்து போனார். அம்மா சட்டென்று அவர் எதிரே நின்று, கை கூப்பி, திருவெம்பாவையின் முதல் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டார்! சின்ன வயதில், விடியற்காலையில், மாயவரத்துத் தெருவில் பாடிய அதே ராகம்.

பெரியவர் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. எவ்வளவு புரிந்ததோ, எனக்குத் தெரியாது. ஆனால் பாட்டு முடியும்வரை கூப்பிய கையை இறக்கவில்லை. பிறகு அம்மாவுக்குத் தலைகுனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வேறு எந்தக் கோயிலுக்கும் வர அம்மா சம்மதிக்கவில்லை. “போதும்டா” என்றார்.

‘கட்டாது!’

கோயில்தான் போதும் என்றாரே தவிர, கடை போதும் என்று சொல்லவில்லை.

சத்துசக் சந்தை சனி, ஞாயிறு கூடுகிறது. 15 ஆயிரம் கடைகளுக்கு மேல்! ஆடு, மாடு சந்தை என்று நினைக்கவேண்டாம். துணி, செருப்பு, மரச் சாமான், பீங்கான், செடி, பழைய நாணயம் எல்லாம் உண்டு. 27 பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். பூமிக்குள் ஓடும் ரயில், சந்தை வாசலிலேயே இறக்கி விடுகிறது. நடுவில் மணிக்கூண்டு இருக்கிறது. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அங்கே வந்து நிற்கவேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பேரம் எப்படி? கடைக்காரி கணக்கு இயந்திரத்தில் விலையைத் தட்டிக் காட்டுவாள். நாம் நம் விலையைத் தட்டவேண்டும். வாய் பேசவேண்டியதே இல்லை. அம்மா மட்டும் தமிழிலேயே பேசினார். “கட்டாது!” என்பார். பாதி விலையைத் தட்டுவார். கடைக்காரி சிரிப்பாள். முக்கால் விலையில் முடியும். மூன்றாவது கடையில், கடைக்காரியே “கத்தாத்!” என்று சொல்லிச் சிரித்தாள்!

யானைப் படம் போட்ட துணி, மரக் கரண்டி, பழத்தைப்போல் செதுக்கிய சோப்பு வாங்கினோம். ஒரு சின்னப் புத்தர் சிலையை எடுத்தேன். அங்கேயே ஒரு பெண் எச்சரித்தாள். புத்தர் சிலையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அரசு அனுமதி வேண்டும். திரும்ப வைத்துவிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை, பிரதுநாமில் துணிக் கடைகள் பார்த்தோம். ஆயத்த ஆடைகளின் மொத்த வியாபாரம் அங்கேதான். வழியில், நாற்சந்தியில், நான்முகப் பிரம்மா கோயில். நம் ஊரில் பிரம்மாவுக்குக் கோயில் அபூர்வம். அங்கே 1956-ல் ஓட்டல் கட்டும்போது விபத்துமேல் விபத்து வந்ததாம். ஜோசியர் சொல்லிப் பிரம்மாவை வைத்தார்களாம். இப்போது ஊர் முழுக்க அங்கே கும்பிடுகிறது. வேண்டுதல் பலித்தவர்கள் காசு கொடுத்து நடனம் ஆடச் சொல்கிறார்கள்.

பெரிய கடைகளில் சாமான் வாங்கினால் 7 சதவீத வரியைத் திரும்பப் பெறலாம். ஒரே நாளில் ஒரே கடையில் 2,000 பாட்டுக்கு வாங்கவேண்டும். கடையில் கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் வாங்கிக்கொள்ளவேண்டும். பெட்டியைப் போடுமுன் விமான நிலையச் சுங்கத்தில் முத்திரை வாங்கவேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளவேண்டும். பலர் பெட்டியைப் போட்டுவிட்டுப் போய் நிற்கிறார்கள்!

விமான நிலையத்தில் உள்ளே போனதும், கண்முன் பாற்கடல்! ஒரு பக்கம் தேவர்கள், ஒரு பக்கம் அசுரர்கள். நடுவில் மலை. உச்சியில் திருமால். பிரம்மாண்டமான சிலை. பக்கத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வாசுகியின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார். “சரியாகத்தான் வைத்திருக்கிறான். தலைப் பக்கம் அசுரன்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை கேட்ட முதல் கேள்வி, “மோதிரம் எங்கே?”

அடுத்த வாரம், எங்கள் ஊர்க் கடைத்தெருவில், அம்மாவுக்கு நாற்பது வருஷமாகத் தெரிந்த கடையில் மோதிரம் வாங்கினோம். ஒரு பவுன். கல் வைக்கவில்லை.